நெய்வேலி மண்ணின் இரு செல்வங்கள்



தீர்ந்துபோகும் வளத்தின் பட்டியலில் நிலக்கரியையும், தீராத வளத்தின் பட்டியலில் நீரையும் பாடநூல் வைக்கிறது. நம் கடலூர் மாவட்டத்தில் நின்று பார்த்தால் இந்தப் பிரிவினை எனக்குப் போதவில்லை. நெய்வேலியில் கரி மேலே கிடக்கிறது. அதற்கு அடியில், மணற்கல் அடுக்கில், நீர் அழுத்தத்தோடு தேங்கி நிற்கிறது.

1930களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கருப்பாக ஏதோ வந்தது. 1956இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் அமைந்தது. 1957இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961இல் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் சதுப்பில் புதைந்த மரங்கள் அவை. வெட்டிய டன் வெட்டியதுதான். அதில் யாருக்கும் ஐயமில்லை.

நீரின் கதைதான் நம்மை ஏமாற்றுகிறது. மேல்மண்ணை அகற்றிக் குழியை ஆழப்படுத்தினால், அடியிலுள்ள நீர் சுரங்கத் தரையைப் பிளந்துகொண்டு பீறிடும். அதனால் சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு இரவும் பகலும் இறைக்கிறார்கள். இறைக்காமல் கரி எடுக்க முடியாது. அந்த நீர் வீணாகிறது என்றும் சொல்லிவிட முடியாது: அனல்மின் நிலையத்துக்குப் போகிறது, வாலாஜா ஏரிக்கு வந்து வயலிலும் பாய்கிறது. அதை நம்பி நடவு செய்யும் விவசாயிகளை நான் மதிக்கிறேன்.

ஆனால் அந்த நீருக்கு வயது உண்டு. மணற்கல் தரையில் தலைகாட்டும் மேற்குப் பக்கத்து மேட்டில் விழும் மழை, மெல்லமெல்லக் கிழக்கே நகர்கிறது. கதிரியக்கக் கரிமத்தைக் கொண்டு கணித்தபோது, கடலை நெருங்க நெருங்க நீரின் வயது ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஏறியது. சோழர் காலத்துக்கும் முன்னே பெய்த மழையை நாம் இன்று மோட்டார் போட்டு இறைக்கிறோம். மழை ஆண்டுதோறும் வருகிறது என்பது உண்மை. இந்த நீர் ஆண்டுதோறும் வருகிறது என்பது உண்மையல்ல. அளவு மீறி எடுத்தால், கடலோரத்தில் உப்புநீர் உள்ளே ஏறும். ஏறிய உப்பை ஒரு நல்ல பருவமழை கழுவிவிடாது.

நிலத்தடி நீர்க் கணக்கெடுப்பில், ஆண்டு வரவில் 70 விழுக்காட்டுக்குள் எடுக்கும் பகுதியைப் பாதுகாப்பானது என்பார்கள்; 100 விழுக்காட்டைத் தாண்டினால் அதிநுகர்வு. தாண்டிய இடத்தில் நீரும் சுரங்கப் பொருளே. அதைத் தீராத வளம் என்று பிள்ளைகளுக்கு இனியும் சொல்லித்தர எனக்கு மனம் ஒப்பவில்லை.

கரி எத்தனை டன் வெட்டினார்கள் என்ற கணக்கு ஆண்டுதோறும் அச்சாகிறது. சுரங்கத்தைச் சுற்றியுள்ள ஒவ்வொரு ஊராட்சி அலுவலக வாசலிலும், அந்த ஊர்க் கிணற்றின் நீர்மட்டத்தை மாதந்தோறும் எழுதிவைக்கவேண்டும். பக்கத்திலேயே அந்த மாதம் இறைத்த நீரின் அளவையும். இந்த மேடையில் நான் கேட்பது அதுதான்.