ஏரி மீனும் அம்மன் கோபமும்
(வீராணம் ஏரிக்கரைக் கூட்டத்தில் பேசியது)



ஏரிக்கரையில் வந்து நின்று மீனைப் பற்றிப் பேசுவதென்பது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற காரியந்தான். வலை வீசுகிற தோழர்களுக்கு மீன் பிடிக்கக் கற்றுக்கொடுக்க நாம் வரவில்லை. மீன் குறைந்ததற்குச் சொல்லப்படுகிற காரணம் அறிவுக்குப் பொருந்துகிறதா என்று கேட்கவே வந்தோம்.

"அம்மனுக்குக் கோபம், கரையில் ஆடு வெட்டினால் மீன் பெருகும்" என்கிறார்கள் சிலர். வெட்டிய வருஷம் பெருகினால் அம்மன் மனமிரங்கினாளாம். பெருகாவிட்டால் ஆடு நோஞ்சலாம்! எப்படியும் பூசாரிக்குத் தொடைக்கறி தப்பாது.

இந்த ஏரி 10-ம் நூற்றாண்டில் சோழர் காலத்தில் மனிதன் வெட்டியது. கொள்ளிடத்துக் கீழணையிலிருந்து வடவாற்றில் தண்ணீர் வந்தால் இது ஏரி. வராத கோடையில் வெறுந்தரை. அந்தத் தரையில் மறுபடி தண்ணீர் ஏறினதும் விரால் துள்ளுகிறதே, இது தெய்வச் செயலல்லவா என்பார்கள். விராலுக்குச் செவுளோடுகூடத் தலைக்குள் காற்று வாங்குகிற அறையும் உண்டு. அதனால்தான் அடிக்கடி மேலே வந்து வாய் திறந்துவிட்டுப் போகிறது. தண்ணீர் வற்றினால் ஈரச் சேற்றில் புதைந்து பிழைத்துக் கிடக்கும். மேலே வரவொட்டாமல் தண்ணீருக்குள்ளேயே அமுக்கி வைத்தால், மீனாயிருந்தும் மூச்சு முட்டிச் சாகும். இதில் தெய்வத்துக்கு என்ன வேலை?

கட்லா, ரோகு, மிர்கால் சங்கதி வேறு. இவை தேங்கின தண்ணீரில் முட்டையிடுவதில்லை; மழைக்கால வெள்ளம் ஓடுகிற ஆற்றில்தான் இடும். ஏரியில் ஆயிரம் ஆடு வெட்டினாலும் ஒரு முட்டை வராது. ஆற்றில் அரித்தெடுத்த குஞ்சுதான் வெகுகாலம் வரையில் கதியாயிருந்தது. 1957-ல் ஹீராலால் சௌத்ரி, அலிகுன்ஹி என்ற இரண்டு ஆராய்ச்சிக்காரர்கள், மீனின் மூளைக்கடியிலுள்ள சுரப்பியை எடுத்துச் சாறாக்கி, அதைச் சினை மீனுக்கு ஊசியாகப் போட்டு முட்டையிடச் செய்தார்கள். இன்று பண்ணைகளில் குஞ்சு விலைக்குக் கிடைக்கிறதென்றால் அந்த ஊசியினாலேயே ஒழிய வேப்பிலையினாலல்ல.

இனி, நம் கையாலேயே நடக்கிற கேட்டைச் சொல்லுகிறோம். விரால் முட்டையிட்டுவிட்டு ஓடிப்போகிற மீனல்ல. தாயும் தகப்பனும் குஞ்சுகளைக் காவல் காக்கின்றன. குஞ்சுகள் செக்கச் செவேலென்று தண்ணீர் மேல் திரளாக நிற்கும். அந்தச் சிவப்பைக் கண்டதும் நம்மவர் என்ன செய்கிறார்கள்? கீழே பெரிய விரால் இருக்கிறதென்று அங்கேயே தூண்டிலைப் போடுகிறார்கள். பிள்ளையைக் காக்கிற மூர்க்கத்தில் அதுவும் பாய்ந்து கவ்வுகிறது. ஒரு விரால் சட்டிக்கு வந்தது. காவலற்ற குஞ்சுகள் மற்ற மீனுக்கும் கொக்குக்கும் போயின. மறு வருஷம் அம்மன் கோபமாம்!

பசித்தவன் தூண்டில் போட்டதைக்கூட மன்னிக்கலாம். பல ஊர்களில் ஏரியைக் குத்தகை எடுத்தவர், போட்ட பணம் வந்தால் போதுமென்று சின்னக்கண் வலையால் விரல் நீளக் குஞ்சையெல்லாம் வாரிக் கருவாடாக்குகிறாரே, அவர் ஆடு வெட்டுகிற நன்கொடைக்கு முதல் ஆளாய் நிற்கிறார்!

ஆகவே, சிவந்த குஞ்சு நிற்கிற இடத்தில் அவை பெரிதாகும் வரையில் தூண்டில் போடுவதில்லையென்று ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்யுங்கள். குத்தகைச் சீட்டில் வலைக்கண் அளவை எழுதச் சொல்லுங்கள். ஆட்டுக்கு வசூலிக்கிற பணத்துக்குக் குஞ்சு வாங்கி விடுங்கள். பூசாரி வருத்தப்பட்டால் அவருக்கும் ஒரு தூண்டில் கொடுங்கள்.