ஒரு சிறு வாத்தியத்துக்குப் பெயர்

பெயர் வைப்பதென்றால் தமிழாசிரியரைத் தேடி வருவது நம்மவர் வழக்கம். பிள்ளை பிறந்தால் வருவார்கள். நட்சத்திரத்துக்குரிய எழுத்தைச் சொல்லி, "தமிழாகவும் இருக்கவேணும் சேர், வெளிநாட்டிலே கூப்பிடவும் சுகமாக இருக்கவேணும்" என்பார்கள். புது வீட்டுக்கும் கடைக்கும்கூடப் பெயர் கேட்டதுண்டு. ஆனால் ஒரு வாத்தியத்துக்குப் பெயர் கேட்டவர் இதுவரை ஒருவர்தான். என்னிடம் உயர்தர வகுப்பிலே தமிழ் படித்த மாணவர். இப்போது கனடாவிலே தச்சுத்தொழில் செய்கிறார். ஓய்வு நேரங்களில் உகுலேலே என்னும் சிறிய நரம்பு வாத்தியத்தைக் கையாலேயே செய்கிறார். தாமே புதிதாக ஒரு வடிவம் வரைந்து, அதன்படி ஒன்றைச் செய்துமுடித்து, படத்தைக் கைபேசியில் அனுப்பியிருந்தார். "நல்ல தமிழ்ப்பெயர் ஒன்று தாருங்கள் சேர். எங்கள் ஊரின் பெயரும் அதற்குள் ஒலிக்கவேணும்" என்பது அவருடைய விண்ணப்பம்.

ஊர் யாழ்ப்பாணம். யாழ்பாடி ஒருவன் பரிசிலாகப் பெற்ற மண் என்று கதை சொல்லும் ஊர். வாத்தியமோ சிறியது; நான்கே நரம்புகள்; சாதாரண அளவிலானது ஏறத்தாழ 21 அங்குல நீளந்தான் வரும். நான் அதிகம் யோசிக்கவில்லை. "சீறியாழ்" என்று எழுதி அனுப்பிவிட்டேன். சங்க இலக்கியத்திலே சிறிய யாழுக்குச் சீறியாழ் என்று பெயர். அதை மீட்டிய பாணர் சிறுபாணர். பேரியாழ் மீட்டியவர் பெரும்பாணர். கருவியின் அளவு கலைஞனின் பெயராகி, பத்துப்பாட்டில் இரண்டு நூல்களின் பெயராகவும் நிற்கிறது. இதைவிடப் பொருத்தமான பெயர் வேறென்ன என்ற பெருமிதத்தோடு அன்றிரவு படுக்கைக்குப் போனேன்.

பெருமிதம் மறுநாட் காலை வரைதான் நின்றது. முதலாவது குறை, காதுக்கு. சிறு என்பது சீறு என நீண்டு, யகரம் வர இறுதி உகரம் இகரமாகத் திரிந்து சீறியாழ் ஆயிற்று என்று வகுப்பறையிலே விளக்கலாம். வானொலியில் கேட்கும் உங்களுக்கு என்ன விளங்கும்? பாம்பு சீறியது, பூனை சீறியது என்பதுபோலச் சீறுகிற ஒரு யாழ்! கனடாவிலே அதை விலைக்கு வாங்க வருகிறவருக்கு நன்னூல் நடத்திக்கொண்டிருக்க முடியாது.

இரண்டாவது குறை பெரியது. யாழிலே ஒரு நரம்புக்கு ஒரு சுரம். வீணையைப்போலத் தண்டிலே மெட்டு வைத்து, விரலால் அழுத்தி, ஒரே நரம்பிலே பல சுரங்களை எழுப்பும் கருவியன்று அது. இந்த வேறுபாட்டை நமக்கு நிறுவித் தருவதற்காகத்தான் காரைதீவிலே பிறந்த விபுலாநந்த அடிகள் ஆண்டுக்கணக்கில் உழைத்தார். அவருடைய யாழ் நூல் 1947ஆம் ஆண்டு திருக்கொள்ளம்பூதூரிலே அரங்கேறியது. அதே ஆண்டில் அடிகளாரும் மறைந்தார். அந்த நூலை மாணவருக்குச் சிபார்சு செய்கிற நானே, மெட்டுப் பதித்த ஒரு வாத்தியத்துக்கு யாழ் என்று பெயர் சூட்டியிருக்கிறேன். அழகான பெயர்தான், ஆனால் பொய்ப்பெயர்.

அதன் பிறகுதான், உகுலேலேக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று தேடிப் படிக்கலானேன். அதை முதலிலேயே செய்திருக்கவேண்டும்.

1879ஆம் ஆண்டு ஓகஸ்ட் 23ஆம் திகதி, ரேவன்ஸ்கிராக் என்னும் கப்பல் பசுபிக் சமுத்திரத்திலுள்ள ஹவாய்த் தீவுகளின் ஹொனலூலு துறைமுகத்தை அடைந்தது. போர்த்துக்கலுக்குச் சொந்தமான மதேராத் தீவிலிருந்து நானூறுக்கும் மேற்பட்டோர் அதிலே வந்திறங்கினர். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத் தொழிலாளராக வந்தவர்கள். (நமது மலையகத்தின் கதை நினைவுக்கு வருகிறதல்லவா?) அவர்களிடையே மரவேலை தெரிந்த மூவர் இருந்தனர்: மனுவேல் நூனெஸ், அகஸ்தோ டியாஸ், ஜோசே டோ எஸ்பிரித்தோ சாந்தோ. தங்கள் தீவின் சிறு நரம்பு வாத்தியத்தை, ஹவாயிலே வளரும் கோவா மரத்தில் செய்யத் தொடங்கினார்கள். கலாகௌவா மன்னர் அதை அரண்மனையில் ஆதரித்தார்.

போர்த்துக்கேயர் வைத்திருந்த பெயர் புதிய மண்ணிலே நிலைக்கவில்லை. தீவு மக்கள் அதை உகுலேலே என்றார்கள். உகு என்றால் தெள்ளு. லேலே என்றால் பாய்தல். துள்ளிப் பாயும் தெள்ளு! வாசிப்பவரின் விரல்கள் நரம்புகளின் மேல் துள்ளுவதைக் கண்டு வைத்த பெயர் என்பர் ஒருசாரார். மன்னரின் அரண்மனையில் பணியாற்றிய எட்வேர்ட் பேர்விஸ் என்னும் ஆங்கிலேயர் உருவிற் சிறியவர், ஓரிடத்தில் நிற்காதவர். அவருக்கு வைத்த பட்டப்பெயரே வாத்தியத்துக்கும் ஒட்டிக்கொண்டது என்பர் வேறுசிலர். ஹவாயின் கடைசி அரசியான லிலியுவோகலானிக்குத் தெள்ளு பிடிக்கவில்லை. உகு என்பதற்குக் கொடை என்றும் பொருளுண்டு. எனவே "இங்கு வந்த கொடை" என்று அவர் பொருள் சொன்னாராம். அரசிக்கு ஏற்ற விளக்கந்தான். ஆனாலும் உலகம் தெள்ளையே பிடித்துக்கொண்டது.

இனி, என்னை மிகவும் யோசிக்க வைத்த செய்தி. மேலே சொன்ன நூனெஸ் என்பவரிடம் தொழில் பழகியவர் சாமுவேல் கமாக்கா. 1916ஆம் ஆண்டில் தமது வீட்டிலேயே சொந்தத் தொழிலைத் தொடங்கினார். அதுவரை உகுலேலேயின் குடம் கிற்றாரைப்போல இடை சிறுத்து, எட்டு என்னும் இலக்கத்தின் வடிவில் இருந்தது. 1920களில் கமாக்கா இடையை நீக்கி, முட்டை வடிவான குடமொன்றை வரைந்தார். நாதம் மாறியது, வெட்டி வெட்டி ஒலித்தது இப்போது நிறைந்து ஒலித்தது. ஆனால் பெயரை அவர் தேடிப் பிடிக்கவில்லை. ஓவியரான நண்பர் ஒருவர் அந்தக் குடத்தைப் பார்த்து, அதன் முகப்பிலே அன்னாசிப்பழம்போல வர்ணம் தீட்டிவிட்டார். அன்னாசி உகுலேலே என்ற பெயர் பிறந்துவிட்டது. 1928இல் அந்த வடிவத்துக்குக் காப்புரிமையும் கிடைத்தது. கமாக்கா குடும்பத்தினரின் பட்டறை இன்றும் ஹொனலூலுவில் இயங்குகிறது.

அன்னாசியும் ஹவாய்க்குச் சொந்தமானதன்று; தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. தீவு மக்கள் அதன் தோற்றத்தைப் பார்த்து, அயல்நாட்டுத் தாழை என்று பொருள்படத் தங்கள் மொழியிலே ஒரு பெயர் வைத்தார்கள். மலையாளத்தாரும் அதைக் கைதச்சக்கை என்கிறார்கள். கைதை என்பது தாழை. ஒருவரையொருவர் அறியாத இரண்டு கடற்கரை மக்கள் ஒரே பழத்தில் ஒரே தாழையைக் கண்டிருக்கிறார்கள்! நாம் மட்டும் கதிரை, அலுமாரி, சப்பாத்து ஆகியவற்றோடு அன்னாசியையும் போர்த்துக்கேயரிடமிருந்து அப்படியே வாங்கிக்கொண்டோம்.

இந்த வகைப் பெயர் நமக்குப் புதியதுமன்று. பெரும்பாணாற்றுப்படையிலே ஓர் இடையன் வருகிறான். குமிழமரக் கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி, தானே ஒரு யாழ் செய்துகொள்கிறான். அதற்குப் பெயர் வில்யாழ். காடு காக்கிறவனின் கையிலிருப்பது வில். அதன் பெயரே அவன் செய்த வாத்தியத்துக்கும் அமைந்தது. எந்தப் புலவரையும் கேட்கவில்லை.

இவ்வளவையும் படித்த பிறகு மாணவரைத் தொலைபேசியில் அழைத்தேன். "சீறியாழ் வேண்டாம் தம்பி, அது என்னுடைய பிழை. அதைப் பார்த்த வேறு யாராவது ஏதாவது சொன்னார்களா?" என்று கேட்டேன். சிறிது தயங்கினார். "அம்மாவுக்குத்தான் முதலிலே காட்டினேன் சேர். 'இதென்னடா, அகப்பை மாதிரிக் கிடக்கு' என்றா. எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஆறு மாத வேலை சேர்." படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். இடையில்லாத உருண்டைக் குடம், மெல்லிய நீண்ட தண்டு. சிரட்டை அகப்பையேதான்! சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்பது நமது பழமொழி. குடத்துக்குள் நாதம் இருந்தால் நரம்பிலே வரும். அகப்பையை அகம், பை என்று பிரித்து, உள்ளே வெறுமையாயிருக்கும் குடத்துக்குப் பொருத்திக்கொள்ளவும் எனக்கு ஆசை. அது இலக்கணமன்று, என் விளையாட்டு. மாணவர்கள் பரீட்சையில் எழுதிவிடவேண்டாம்.

"அம்மா வைத்துவிட்டா தம்பி" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. சந்நிதியிலே வைத்துப் பூசிக்கத்தக்க பெயரொன்றை எதிர்பார்த்தவருக்குக் குசினியிலிருந்து ஒரு பெயர். மனம் நொந்துதான் இருக்கும்.

இரண்டு கிழமை கழித்து ஒரு படம் வந்தது. ஒலித்துளை வழியே பார்த்தால் உள்ளே தெரியுமாறு ஒட்டிய சிறு கடதாசித்துண்டு. அதிலே அழகான தமிழெழுத்தில் அகப்பை. அதன் கீழே, இலக்கம் 1. படத்தோடு ஒரு வரியும் இருந்தது: "பேர் வைச்சதுக்குத் தனக்கு என்ன தரப்போகிறாய் என்று அம்மா கேட்கிறா, சேர்."