கிண்ணமும் புள்ளியும்



ஹொக்கிப் பருவம் என்றதும் நாம் கிண்ணத்தைத்தான் நினைக்கிறோம். கிண்ணப் போட்டியில் ஒரு தோல்வியோடு வீடு திரும்ப வேண்டியதுதான். லீக் போட்டியில் தோற்றாலும் அடுத்த ஆட்டம் உண்டு. சமநிலைக்கும் புள்ளி உண்டு.

1980இல் மொஸ்கோவில்தான் பெண்கள் ஹொக்கி முதன்முறையாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. 6 அணிகள்; இறுதியாட்டம் இல்லை, எல்லோரும் எல்லோரோடும் மோதிய லீக். பல நாடுகள் புறக்கணித்ததால் கடைசி நேரத்தில் அழைக்கப்பட்ட சிம்பாப்வே, 5 ஆட்டங்களில் மூன்றை வென்று, இரண்டைச் சமன்செய்து தங்கம் பெற்றது. தோற்காமல் காத்த அந்த இரண்டு ஆட்டங்களும் சேர்ந்துதான் அந்தப் பதக்கம்.

நாமோ சாதாரண தரப் பரீட்சை வந்தால் பிள்ளையிடம் மட்டையை வைத்துவிடச் சொல்கிறோம். ஆனால் எலும்பின் பலம் பெரும்பாலும் பதின்ம வயதில்தான் சேருகிறது. ஓடி விளையாடும் பிள்ளைக்குக் கூடுதலாகச் சேரும். அதைப் பிறகு மருந்தால் ஈடுசெய்வது எளிதல்ல என்பதை வைத்தியத் தொழிலில் இருக்கும் நாங்கள் நாளாந்தம் காண்கிறோம்.

ஆகவே இந்த நூற்றாண்டில் கல்லூரியிடம் நாம் கேட்பது ஒன்று: பரீட்சை ஆண்டு மாணவியருக்கும் வாரத்தில் இரண்டு மாலை மைதானம் திறந்திருக்கட்டும். பந்து கல்லுப்போல் கடினமானது. கால்காப்பும் பற்காப்பும் இல்லாமல் எவரும் இறங்க வேண்டாம். அந்தச் செலவைப் பழைய மாணவியராகிய நாங்கள் ஏற்போம்.