வெள்ளம் வடிந்த வளவிலே

 

வல்ல நாயன் அல்லாஹ்வைப் போற்றி, அவனது தூதர் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்தும் ஸலாமும் கூறி இவ்வுரையை ஆரம்பிக்கின்றேன்.

மன்னார் மழைக்காக ஏங்கும் பூமி. இலங்கையில் மிகக் குறைந்த மழை பெறும் பிரதேசங்களுள் அதுவும் ஒன்று. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரி மழையே வயலுக்கும் கிணற்றுக்கும் வீட்டுத் தோட்டத்துக்கும் ஆதாரம். ஆயினும், அந்த மாரியே அளவு கடந்துவிடும் ஆண்டுகளும் உண்டு. 2024 நவம்பரிலும் வெள்ளம் வந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டையே உலுக்கியபோது, அநுராதபுரத்து மழையையும் சுமந்து வரும் அருவி ஆறு பெருக்கெடுத்து மன்னார்ப் பெருநிலப்பரப்பின் ஊர்களை மூழ்கடித்தது. அழிந்த வயல்களைப் பற்றிப் பலரும் பேசினர், பேசத்தான் வேண்டும். ஆனால், கிணற்றடியில் ஓர் உம்மா நட்டு வளர்த்து, பூக்கும் தறுவாயில் அழுகிப்போன பத்துக் கத்தரிக் கன்றுகளைப் பற்றி எவரும் பேசுவதில்லை. இன்றைய உரை அக்கன்றுகளைப் பற்றியது.

அனஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கும் சம்பவமொன்று ஸஹீஹுல் புகாரியிலே பதிவாகியுள்ளது. ஒரு வெள்ளிக்கிழமை நபி (ஸல்) அவர்கள் குத்பா நிகழ்த்திக்கொண்டிருக்கையில், ஒரு மனிதர் வந்து, கால்நடைகள் மடிகின்றன, மழைக்காகப் பிரார்த்தியுங்கள் என வேண்டினார். நபியவர்கள் கரங்களை உயர்த்தினார்கள். மேகமே இல்லாதிருந்த வானில் மேகம் திரண்டது. ஒரு வாரம் மதீனத்து மக்கள் சூரியனைக் காணவில்லை. மறு வெள்ளிக்கிழமை மீண்டும் ஒருவர் வந்து, செல்வங்கள் அழிகின்றன, மழையை நிறுத்துமாறு கேளுங்கள் என்றார். நபியவர்கள் அப்போது என்ன கேட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். மழை அடியோடு நின்றுவிட வேண்டும் என அவர்கள் கேட்கவில்லை. அது எங்கள் மீது பொழியாமல் எங்களைச் சுற்றிப் பொழியட்டும், மேடுகளிலும் பள்ளத்தாக்குகளிலும் மரம் முளைக்கும் இடங்களிலும் பொழியட்டும் என்றே கேட்டார்கள்.

இந்தத் துஆவைப் பலரும் மனனமிட்டிருக்கின்றோம். அதிலே தோட்டக்காரனுக்கு ஒரு பாடமும் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகின்றது. நீர் வேருக்கு மேலே தேங்காமல், பயிரைச் சுற்றி ஓடட்டும் என்பதே அவன் மாரியில் செய்ய வேண்டிய வேலையும் ஆகும். கரங்களை உயர்த்திக் கேட்டவன், அக்கரங்களாலேயே மண்வெட்டியையும் எடுக்க வேண்டும். வடிகால் வெட்டாமல் வீட்டினுள் அமர்ந்திருந்துவிட்டு, பயிர் அழுகிய பின் அல்லாஹ் நாடியது எனக் கூறுவதைத் தவக்குல் என அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

மன்னார்த் தீவின் மண் மணல்தானே, நீர் எப்படித் தேங்கும் எனச் சில இளைஞர்கள் கேட்கலாம். மணலில் நீர் விரைவாகவே இறங்கும். ஆனால், தீவின் நிலம் தாழ்ந்தது, தட்டையானது. கடும் மழையில் நிலத்தடி நீர் மட்டமே மேலெழுந்து வந்துவிடுகின்றது. மேலிருந்து வந்த நீருக்குக் கீழே இறங்க இடமில்லை. பெருநிலத்திலே முருங்கன் பக்கத்துக் களிமண்ணின் நிலை வேறு. அது நீரைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டிலும் விளைவு ஒன்றுதான். வேருக்குக் காற்று இல்லாமல் போகின்றது. மண் ஈரமாயிருக்கும்போதே இலை வாடுவது அதன் அடையாளம். அவ்வேளையில் மேலும் நீரூற்றுவதும் உரமிடுவதும் வீண். வெயில் காலத்தில் ஈரம் காக்கத் தாழ்வாக அமைக்கும் பாத்தி மாரிக்கு உதவாது. ஓரடி உயரத்திற்கு மேட்டுப்பாத்தி அமைத்து, ஓரத்தில் பனங்குற்றியோ பொச்சுமட்டையோ அடுக்கி, சுற்றிவர வாய்க்கால் வெட்ட வேண்டும்.

இவை முன்னோர் அறிந்திருந்த விடயங்களே. வளவின் எந்த மூலையில் நீர் நிற்கும், எந்தக் கிணறு எப்போது உவர்க்கும் என அவர்கள் அறிந்திருந்தார்கள். அந்த அறிவு எங்கே அறுந்தது? 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர் வீடு வாசல்களை இழந்தனர். மன்னார்த் தீவிலிருந்து பலர் கடல் வழியாகக் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். எருக்கலம்பிட்டிக்கும் முசலிக்கும் மீளத் திரும்புவது பெருமளவில் 2009இல் போர் முடிந்த பின்னரே சாத்தியமாயிற்று. இடைப்பட்ட காலத்தில் புத்தளத்து முகாம்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு, வாப்பாவின் வளவு ஒரு கதையாக மட்டுமே இருந்தது. திரும்பி வந்து காடு வெட்டி, வீடு கட்டி, முதன்முதலாக நட்டதை மாரி கொண்டுபோனால், "இது நமக்குச் சரிவராது" என்று அவன் கூறுவதில் வியப்பில்லை. பெற்றோர்களே, அவ்வேளையில் அவனைக் கடிந்துகொள்ளாதீர்கள். நீங்கள் அறிந்ததை அவனோடு வளவைச் சுற்றி நடந்து சொல்லிக் கொடுங்கள். அந்த அறிவை உடையவர்களின் வயது இப்போது என்னவென்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்றையும் கூற வேண்டும். அல்குர்ஆனின் கலம் அத்தியாயத்திலே, ஏழைகளுக்குக் கொடுக்காமல் விடியலில் அறுவடை செய்யச் சதி செய்தோரின் தோட்டம் இரவோடிரவாக அழிந்த வரலாறு வருகின்றது. அதை ஓதி நம்மை நாமே விசாரித்துக்கொள்வது நல்லது. ஆனால், அடுத்த வீட்டுத் தோட்டம் அழிந்ததைக் கண்டு அவ்வரலாற்றை அவர்கள் மீது ஏற்றிப் பேசுவது பெரும் அநீதி. வெள்ளம் தொழுபவர் வீடு, தொழாதவர் வீடு எனப் பார்த்து வரவில்லை. அவ்வீட்டுக்கு நம் வார்த்தை தேவையில்லை. நாலு மிளகாய் நாற்றுக் கொடுத்தால் போதும்.

நாற்று என்றதும் நினைவுக்கு வருகின்றது. கடும் மழைக் காலத்தில் விதையை நேரே நிலத்தில் இடாமல், விறாந்தையிலே பழைய உரப்பைகளில் நாற்று வளர்த்தால், மார்கழி இறுதியில் மழை ஓயும்போது நடத் தயாராயிருக்கும். தக்காளியோ கத்தரியோ மிளகாயோ வாடி இறந்த பாத்தியில் உடனே அதே இனத்தை நடாதீர்கள். நோய்க் கிருமி மண்ணில் தங்கியிருக்கும். அங்கே பயற்றை போடலாம். நீர் நிற்கும் மூலையை வீணாக்காமல் கங்குங், வல்லாரை, பொன்னாங்காணி நடுங்கள். அவை ஈரத்தை விரும்புபவை. பப்பாசியும் முருங்கையும் தேங்கிய நீரைத் தாங்கா; அவற்றுக்கு வளவின் மேட்டைக் கொடுங்கள். மேலதிக விபரங்களைக் கமநல சேவை நிலையத்தில் கேட்டறியலாம்.

இனி, மன்னாரில் தோட்டம் செய்வோருக்குக் கழுதைகளைப் பற்றித் தனியே கூற வேண்டியதில்லை! வெள்ளத்தில் தப்பியதை அவை வேலி பிரித்துத் தின்ற கதை பல வீடுகளிலும் உண்டு. வேலியைப் பலப்படுத்துங்கள், கல்லெறியாதீர்கள். ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து மனிதனோ பறவையோ மிருகமோ உண்டால் அது அவனுக்கு ஸதகாவாகும் என்பது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் உள்ள நபிமொழியின் கருத்து. சந்தையில் விற்காமல் போனதும் அல்லாஹ்விடத்தில் கணக்கில் இருக்கின்றது.

இறுதியாகக் கிணறு. வெள்ளநீர் புகுந்த கிணற்றை இறைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனைப்படி குளோரின் இடும் வரை அந்நீரைக் குடிக்கவோ பச்சையாக உண்ணும் கீரையைக் கழுவவோ வேண்டாம். ஆயினும் ஒன்றை அறிந்துகொள்ளுங்கள். தீவின் மணலுக்கடியில் உவர்நீரின் மேல் நன்னீர் ஒரு படையாக மிதந்து நிற்கின்றது. அதை நிரப்புவது மழை ஒன்றே. மணலில் படிந்த உப்பைக் கழுவிக் கீழிறக்குவதும் அதுவே. உங்கள் கத்தரிக் கன்றுகளை அழுகச் செய்த அதே மழைதான் இப்போது கிணற்றினுள் இருக்கின்றது. பங்குனி வெயிலில் நாற்றுக்கு ஊற்ற அள்ளும் வாளியில், உங்கள் பிள்ளையை ஒரு துளி எடுத்து நாவில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.