சத்தம் போடாத பேய்கள்: நாம் பார்க்காமல் விட்ட ஐந்து படங்கள்

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"பேய்ப்படம் பார்க்கிற கூட்டம் நம்ம பக்கம் ஜாஸ்தி. நல்ல படமா நாலு சொல்லுங்க" என்றார் செயலாளர். அவர் நாலு கேட்டார், நான் ஐந்து சொல்கிறேன். சந்திரமுகி, காஞ்சனா, அரண்மனை எல்லாம் உங்களுக்கு மனப்பாடம். அவற்றை விட்டுவிடலாம். அந்த அளவுக்கு நம் வீடுகளில் பேசப்படாத படங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

படத்துக்குப் போகும் முன் ஒரு விஷயம். பேய்ப்படம் என்றால் திடீரென்று ஒரு சத்தம், திரையில் ஒரு கோர முகம் என்று ஆகிவிட்டது. சத்தம் போட்டு நம்மைப் பயமுறுத்த முடியுமா? வெடிக்கே பிறந்த மண் இது. ஆனால் பகல் நேரத்தில் தூரத்தில் ஒரு சத்தம் கேட்டால் நாம் என்ன செய்கிறோம்? மாடிக்கு ஏறி எந்தப் பக்கம் புகை என்று பார்க்கிறோம். பட்டாசு ஆபீசுக்குப் போனவருக்கு போன் போடுகிறோம். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. பயம் என்பது அந்த அரை நிமிடம்தான். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டியையும், 2021 பிப்ரவரி 12 அச்சங்குளத்தையும் அறிந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

அதனால் ஒரு பேய்ப்படத்தை நான் இரண்டு கேள்வி கேட்டுத்தான் எடைபோடுவேன். சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தாலும் பயம் வருகிறதா? செத்துப்போனவரை அந்தப் படம் மரியாதையாக நடத்துகிறதா? 1963இல் ராபர்ட் வைஸ் எடுத்த 'தி ஹாண்டிங்' என்ற ஆங்கிலப் படத்தில் பேய் கண்ணில் படவே படாது. மூடிய கதவு ஒன்று உள்பக்கமாகப் புடைக்கும், அவ்வளவுதான். இன்றைக்கும் வயிற்றைக் கலக்கும்.

முதல் படம், 'நடு இரவில்', 1970. வீணை வித்வான் எஸ்.பாலசந்தர் இயக்கியது. பாட்டே இல்லாமல் 1954இல் 'அந்த நாள்' எடுத்தாரே, அவர்தான். ஒரு செல்வந்தரின் மாளிகையில் உறவினர்கள் கூடுகிறார்கள், ஒவ்வொருவராகக் கொல்லப்படுகிறார்கள். இதில் பேய் கிடையாது. கூடியிருக்கும் சொந்தக்காரர்களில் கொலைகாரர் யார் என்பதுதான் பயம். சௌகார் ஜானகி நடிப்புக்காகவே பார்க்கலாம். பெரியவர்களோடு உட்கார்ந்து பாருங்கள், கறுப்பு வெள்ளைப் படத்தின் இருட்டு எப்படி இருந்தது என்று அவர்கள் சொல்லிக்கொண்டே வருவார்கள்.

இரண்டாவது, 'ஈரம்', 2009. அறிவழகன் இயக்கம். ஒரு அடுக்குமாடி வீட்டில் ஒரு பெண் தண்ணீரில் செத்துக் கிடக்கிறாள். அதன்பிறகு எங்கே தண்ணீர் இருக்கிறதோ அங்கேயெல்லாம் பயம். மழைக்கு வானத்தைப் பார்க்கிற நமக்கு, சொட்டுத் தண்ணீரைப் பார்த்துப் பயப்படுவது புது அனுபவம். இதை நம் சங்கத்தில் சொல்ல இன்னொரு காரணம் உண்டு. அந்தப் பெண்ணைப் பற்றி அக்கம்பக்கத்தார் பேசிய பேச்சும் அவள் சாவுக்கு ஒரு காரணம். 'அந்த வீட்டுக்கு யாரு வர்றா, யாரு போறா' என்று பேசுகிறவர்கள் எல்லாக் குடியிருப்பிலும் இருக்கிறார்கள். இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வாசல் திண்ணையில் உட்கார்ந்தால் பேச்சு கொஞ்சம் குறையும்.

மூன்றாவது, 'யாவரும் நலம்', அதே 2009. விக்ரம் குமார் இயக்கம், பி.சி.ஸ்ரீராம் ஒளிப்பதிவு, மாதவன் நடிப்பு. கடன் வாங்கிப் புது வீட்டுக்குக் குடிவருகிறது ஒரு கூட்டுக் குடும்பம். தொலைக்காட்சித் தொடரில் நடப்பதெல்லாம் இவர்கள் வீட்டிலும் நடக்கிறது. பால் திரிவது, லிப்ட் வேலை செய்யாதது என்று அன்றாட விஷயங்களை வைத்தே பயம் காட்டுவார்கள். மாலையில் சீரியல் பார்க்கும் வீடுகளுக்கு இது பொருத்தமான படம்.

நான்காவது, 'ஆனந்தபுரத்து வீடு', 2010. 'மர்மதேசம்' தொடரை எடுத்த நாகா இயக்கியது. கடனில் சிக்கிய மகன், மனைவி, வாய் பேசாத பிள்ளையோடு சொந்த ஊர் வீட்டுக்கு வருகிறான். இறந்துபோன அப்பாவும் அம்மாவும் அந்த வீட்டில் இருக்கிறார்கள், பேரனைக் காக்கிறார்கள். முன்னோரைக் கும்பிடுகிற நமக்கு இது அந்நியமான கதையே இல்லை. ஐந்தில் ரத்தம் குறைவான படமும் இதுதான்.

ஐந்தாவது, 'பிசாசு', 2014. மிஷ்கின் இயக்கம், பாலா தயாரிப்பு. சாலை விபத்தில் அடிபட்ட ஒரு பெண், தூக்கிக்கொண்டு ஓடிய இளைஞனின் கையைப் பிடித்தபடி உயிரை விடுகிறாள். பிறகு அவன் வீட்டுக்கே வருகிறாள். எதற்கு வந்தாள் என்பதை நான் சொல்லமாட்டேன். ராதாரவி அவளுடைய அப்பா. பேயாக நிற்கும் மகளிடம் 'வீட்டுக்கு வாம்மா' என்று அவர் மன்றாடும் இடத்தில் பயம் போய்விடும், தொண்டை அடைத்துக்கொள்ளும்.

இந்தப் படத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. விபத்து நடந்த இடங்களைப் பற்றி நம் பிள்ளைகள் கதை கட்டுகிறார்கள். 'அந்த ஷெட் பக்கம் போகாதே, ராத்திரி சத்தம் கேக்குது' என்கிறார்கள். காத்து கருப்பு என்று சொல்லிச் சிரிக்கிறோம். அங்கே செத்தது யாரோ ஒருவருடைய அம்மா, யாரோ ஒருவருடைய மகள். கூலிக்குப் போய்த் திரும்பாதவர்கள். அந்த வீட்டார் நம் தெருவில் தண்ணீர் பிடிக்க வரிசையில் நிற்கும்போது நம் கதை அவர்கள் காதிலும் விழுகிறது. ராதாரவிக்கு அவள் பிசாசு அல்ல, மகள். இதைப் பிள்ளைகளுக்கு நாம் வாயால் சொன்னால் கேட்கமாட்டார்கள். 'பிசாசு' பார்த்தால் தானாகப் புரியும்.

இரண்டு வேண்டுகோள். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை இந்தப் படங்களுக்கு உட்கார வைக்காதீர்கள். சமீபத்தில் ஒரு சாவைக் கண்ட வீட்டில், கேட்காமல் இவற்றைப் போடாதீர்கள்.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு வீடு நிறைய விருந்தாளிகள் இருப்பார்கள். அந்தக் கூட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு, ஒரு சனிக்கிழமை ராத்திரி, விளக்கை அணைத்து, டிவி சத்தத்தைக் குறைத்து, ஒரு படம் பாருங்கள். 'தும்பாட்' என்ற இந்திப் படம் 2018இல் வந்தபோது கூட்டம் சேரவில்லை. 2024இல் மறுபடி திரையிட்டபோது முதல் முறையைவிட அதிகம் பேர் பார்த்தார்கள். பார்த்தவர்கள் பக்கத்து வீட்டில் சொன்னதுதான் காரணம். நீங்களும் பார்த்துவிட்டு அடுத்த மடலுக்கு நாலு வரி எழுதி அனுப்புங்கள். பிடிக்கவில்லை என்றாலும் எழுதுங்கள்.