தேய்ந்த பேரிங்கும் தோட்டத்து உயிர்களும்
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

சம்பளத்தைப் பற்றிப் பேச வேண்டிய மேடையில் வண்டிச் சக்கரத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சிலருக்கு இது வியப்பாக இருக்கலாம். பிரட்டு முடிந்ததும் மலைக்காட்டு நிரைக்கு நம்மை ஏற்றிப் போவது எது? பாலை ஸ்டோருக்குக் கொண்டு வருவது எது? நடுநிசியில் பிள்ளைத்தாய்ச்சியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவது எது? தோட்டத்துப் பழைய லாண்ட்ரோவர்தானே! அதன் சக்கரம் சரிவில் கழன்று ஓடினால், நாம் கேட்டு வாங்கிய சம்பள உயர்வை யார் கையில் கொடுப்பது?

லாண்ட்ரோவர் 1948ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்ட வண்டி. உறுதியானது, பழுது பார்க்க எளிதானது. ஆனால் எவ்வளவு உறுதியான வண்டியும் சக்கரத்துக்குச் சக்கரம் இரண்டு பேரிங்குகளின் மேல்தான் ஓடுகிறது. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. சாய்வான எஃகு உருளைகள் ஒரு கிண்ணத்துக்குள் சுழலுகின்றன. அவற்றைக் காப்பது கிரீஸ். கிரீஸைக் காப்பது ஆயில் சீல்.

பேரிங் ஏன் கெடுகிறது? ஓடிச் சூடேறிய சக்கரம் ஆற்றுத் தண்ணீரில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்குகிறது. சீல் தேய்ந்திருந்தால் அந்த இடுக்கு வழியே தண்ணீரும் சேறும் உள்ளே இழுக்கப்படுகின்றன. கிரீஸ் பால்போல் வெளுக்கிறது. உருளைகளில் துருப்பிடித்துக் குழி விழுகிறது. அதற்கு மேல் அளவுக்கு மிஞ்சிய பாரமும் ஏற்றினால் கேட்க வேண்டுமா?

கெட்டுப்போன பேரிங் சொல்லாமல் கொள்ளாமல் விழுவது அரிது. முதலில் ஓர் இரைச்சல் எழும். வேகம் கூடக் கூட அதுவும் கூடும். வளைவில் திரும்பும்போது மாறும். வண்டி நின்றபின் சக்கரத்தின் நடுப்பகுதியில் கையை அருகே கொண்டு போனால், மற்றச் சக்கரங்களைவிட அது சுடுவது தெரியும். சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரியும். முன்சக்கரமாயின் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்ட வேண்டும். ஆட்டம் நின்றால் குற்றம் பேரிங்கில். நிற்காவிட்டால் ஸ்டியரிங் திரும்பும் பின்னில். இதை அறியாமல் நல்ல பேரிங்கை மாற்றிவிட்டுக் கெட்ட பின்னோடு வண்டியை அனுப்புவதும் உண்டு.

இனி மாற்றும் முறை. பட்டறைத் தோழர்கள் அறிந்ததே. ஆனால் லோக் புத்தகம் எழுதும் கிராணியும், வண்டியில் ஏறும் தொழிலாளியும் அறிந்திருக்க வேண்டும். அப்போதுதான் "மாற்றியாயிற்று" என்ற ஒரு சொல்லுக்குள் என்னென்ன அடங்க வேண்டும் என்று கேட்க முடியும்.

முதலில் உயிர்க்காப்பு. பழைய லாண்ட்ரோவரின் கைபிரேக் சக்கரங்களைப் பிடிப்பதில்லை. கியர்பெட்டிக்குப் பின்னால் பின்புறம் செல்லும் தண்டைப் பிடிக்கிறது. ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிவிட்டால் அந்தச் சக்கரம் தனியே சுழலும். கைபிரேக் போட்டிருந்தும் வண்டி உருளும். ஆகவே சமதரையில் நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, அச்சின் கீழ் இரும்புத் தாங்கி வைத்த பிறகே கையை வைக்க வேண்டும். செங்கல்லும் ரப்பர்க் கட்டையும் தாங்கியாகா. பழைய பிரேக் பட்டையின் தூளில் கல்நார் இருக்கலாம். அதை ஊதவோ காற்றடிக்கவோ கூடாது, ஈரத் துணியால் துடைக்க வேண்டும்.

பிரேக் டிரம்மைக் கழற்றி, நடுவிலுள்ள ஆறு போல்ட்டுகளை நீக்கினால் தண்டின் முகப்பு வெளிவரும். உள்ளே இரண்டு பெரிய நட்டுகள். அவற்றுக்கிடையே பூட்டுத் தகடு. தகட்டின் மடிப்பை நிமிர்த்தி, 52 மில்லிமீட்டர் பெட்டி ஸ்பேனரால் நட்டுகளைத் திறக்க வேண்டும். ஸ்பேனர் வாங்கிக் கொடுக்காத தோட்டங்களில் உளியும் சுத்தியலும் அந்த வேலையைச் செய்கின்றன. நட்டு சிதைகிறது, அடுத்த முறை பூட்டு நிற்பதில்லை.

ஹப் வெளியே வந்ததும் பழைய கிண்ணங்களைத் தட்டி எடுத்து, மண்ணெண்ணெயில் எல்லாவற்றையும் கழுவ வேண்டும். உருளையும் கிண்ணமும் ஒரே ஜோடி. புது உருளையைப் பழைய கிண்ணத்தில் ஓட்டுவது சிக்கனமன்று. புதியதையும் சேர்த்துப் பாழாக்குவதாகும். அச்சுமுனை நீலம் பாரித்தோ தேய்ந்தோ இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். புதுக் கிண்ணத்தைக் கோணாமல் அடிவரை இறக்கி, உருளைகளின் இடுக்கெல்லாம் உள்ளங்கையால் கிரீஸை அழுத்தி நிரப்பி, புது சீல் போட வேண்டும்.

கடைசியில்தான் கைத்திறன். ஹப்பைச் சுழற்றிக்கொண்டே நட்டை முறுக்கி, பேரிங் அமர்ந்ததும் சிறிது தளர்த்த வேண்டும். ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர், ஒரு காகிதத்தின் கனம், அசைவு இருக்கலாம். சரியான அளவை அந்தந்த வண்டியின் கைநூல் சொல்லும். மரம் வெட்டும் நமக்கு இது விளங்காததா? கத்தி ஆழப் போனால் மரம் காயப்படும். மேலோடு போனால் பால் வராது. நட்டும் அப்படித்தான். இறுக்கினால் பேரிங் வெந்து போகும். தளர்ந்தால் சக்கரம் ஆடும். இரண்டாவது நட்டை இறுக்கியபின் அளவு மாறக்கூடும். மறுபடி பார்த்துப் பூட்டுத் தகட்டை மடக்க வேண்டும். சில மைல் ஓட்டி, சூட்டையும் ஆட்டத்தையும் இன்னொரு முறை பார்த்தால்தான் வேலை முடிந்தது.

தோழர்களே! ஒரு தோட்டத்தில் டிரைவர் மூன்று முறை இரைச்சலைச் சொன்னார். லோக் புத்தகத்தில் மூன்று முறையும் எழுதினோம். "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்றது நிர்வாகம். சக்கரம் அச்சோடு சாய்ந்தபோது, "முரட்டுத்தனமாக ஓட்டினான்" என்று பழி டிரைவர் தலையில் விழுந்தது. சம்பளத்தில் பிடிக்கவும் முனைந்தார்கள். அவரைக் காத்தது அந்த மூன்று வரி எழுத்து! 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, சட்டம் அனுமதித்தவை தவிர வேறெதையும் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்கிறது. தேய்ந்த பேரிங்கின் விலையை டிரைவரிடம் பிடி என்று அதில் எங்கும் எழுதியில்லை.

1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், 40 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு அமைக்கச் சொல்கிறது. 2024 ஜூன் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்த திருத்தம், உடனடி ஆபத்து உண்டென்று நம்ப நியாயமான காரணம் இருந்து, அதை நீக்க முதலாளி ஒன்றும் செய்யாவிட்டால், தொழிலாளி விலகிக்கொள்ளும் உரிமையையும் அளித்திருக்கிறது. உரிமை ஏட்டில் இருந்தால் போதாது; நம் வாயிலும் இருக்க வேண்டும்.

ஆகவே இந்தக் கிளை மூன்று கோரிக்கைகளை நிர்வாகத்தின் முன் வைக்க வேண்டுகிறோம். டிரைவர் சொல்லும் ஒவ்வொரு பழுதும் அன்றே தேதியோடு எழுதப்பட்டு, அவர் கையொப்பமும் பெறப்பட வேண்டும். பேரிங், சீல், பூட்டுத் தகடு, சரியான ஸ்பேனர், இரும்புத் தாங்கி ஆகியவை எப்போதும் பட்டறையில் இருக்க வேண்டும். சக்கரத்தில் ஆட்டம் கண்ட வண்டி, பழுது பார்க்கும் வரை ஆட்களை ஏற்றக் கூடாது.

கிராணி மேசையும் பால்மரக் காடும் வேறு வேறு என்று நம்மைப் பிரித்துப் பார்த்தவர்கள் உண்டு. டிரைவரின் காதும், கிராணியின் பேனாவும், தொழிலாளியின் குரலும் ஒன்று சேரட்டும். நாளை காலைப் பிரட்டில் வண்டி ஏறுமுன் சக்கரத்தை ஒருமுறை பாருங்கள். சந்தேகம் இருந்தால் வாய் திறந்து சொல்லுங்கள். சொன்னதை எழுதுவது எங்கள் பொறுப்பு.