கண்ணுக்குள் மருந்தைத் தங்கவைத்தல்

கருவிழியில் ரத்தக் குழாய் ஒன்றுகூட இல்லை. அதைச் சுற்றியுள்ள வெண்பகுதியில் குழாய்கள் ஏராளம். கண் சிவக்கும்போது அவை பளிச்சென்று தெரியும். ஆனால் கருவிழியின் ஓரத்துக்கு வந்ததும் நின்றுவிடுகின்றன. குழாய்களை வளரச்செய்யும் வி.இ.ஜி.எஃப். என்ற புரதம் கருவிழியிலும் இருப்பதால், அவை ஏன் நிற்கின்றன என்பது நெடுநாள் புதிராக இருந்தது. 2006-இல் ஜெயகிருஷ்ண அம்பாட்டி தலைமையிலான குழு விடை சொன்னது: அந்தப் புரதம் ஒட்டிக்கொள்ளும் ஏற்பி ஒன்றைக் கரையும் வடிவில் கருவிழியே சுரக்கிறது; புரதம் அதில் சிக்கி முடங்கிவிடுகிறது. மனாட்டி என்ற கடல் பாலூட்டியின் கருவிழியில் இந்த ஏற்பி இல்லை. அங்கே குழாய்கள் ஓடுகின்றன. அதன் உறவினமான கடற்பசுவுக்கு, பாக் நீரிணைக் கரையோரத்தார் ஆவுளியா என்று அழைக்கும் அதே விலங்குக்கு, ஏற்பி உண்டு. கருவிழியும் தெளிவாக இருக்கிறது.

வேண்டிய இடத்தில், வேண்டிய அளவு மருந்தை இடைவிடாமல் சுரப்பது என்பதைக் கருவிழி தானாகவே செய்துவருகிறது. கண் மருத்துவம் இருபது ஆண்டுகளாக ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு எட்டிப்பிடிக்க முயல்வதும் இதைத்தான். கண்ணுக்குள்ளேயே மருந்தைச் சேர்க்கும் உள்ளிட மருந்தளிப்பு முழுவதையும் அந்த முயற்சியின் வரலாறாகவே படிக்கலாம்.

விழித்திரையின் நிலை வேறு. அது ஆக்சிஜனை நிறையச் செலவழிக்கும் திசு. சர்க்கரை நோயில் நுண்குழாய்கள் அடைபட்டாலும், விழித்திரைச் சிரை அடைத்துக்கொண்டாலும், குறைமாதக் குழந்தையின் விழித்திரையில் குழாய் வளர்ச்சி பாதியில் நின்றாலும், பட்டினி கிடக்கும் பகுதி புதுக் குழாய்களை வரவழைக்க ஒரு சமிக்ஞையை அனுப்புகிறது. அப்படிப் பரவும் பொருள் ஒன்று இருக்க வேண்டும் என்று 1948-இலேயே ஐசக் மைக்கேல்சன் ஊகித்தார். 1989-இல் வி.இ.ஜி.எஃப். அடையாளம் காணப்பட்டது, சர்க்கரை நோயாளிகளின் கண் திரவத்தில் அது மிகுந்திருப்பது 1994-இல் தெரியவந்தது. முதுமையில் விழித்திரையின் மையத்தில் வரும் ஈரவகை மாகுலா சிதைவில் குழாய்கள் விழித்திரைக்குப் பின்னுள்ள கோராய்டிலிருந்து முளைத்து மேலேறுகின்றன. எந்த வழியில் வந்தாலும் இந்தக் குழாய்கள் அவசரத்தில் கட்டிய சுவர் போன்றவை: ஒழுகும், உடையும், கடைசியில் தழும்பாக மாறிப் பார்வையைக் கெடுக்கும்.

மருந்தை அங்கே எப்படிக் கொண்டுசேர்ப்பது என்பதே சிக்கல். மாத்திரையோ சிரைவழி ஊசியோ உடல் முழுக்கச் சுற்றிவர, ரத்தத்துக்கும் விழித்திரைக்கும் இடையிலான தடுப்பு பெரும்பகுதியை உள்ளே விடுவதில்லை. சொட்டு மருந்தின் கதை இன்னும் பரிதாபம். இமைக்குள் சுமார் 30 மைக்ரோலிட்டருக்கு மேல் நிற்காது. ஒரு சொட்டே அதற்கு மேல் இருக்கும். மிஞ்சியது கன்னத்தில் வழியும், கண்ணீர்க் குழாய் வழியே மூக்குக்குப் போகும். சொட்டு போட்ட சற்று நேரத்தில் தொண்டையில் கசப்பதற்குக் காரணம் அதுதான். கருவிழியைக் கடந்து கண்ணின் முன்னறைக்குச் சேர்வது 5 சதவீதத்துக்கும் குறைவு. விழித்திரைக்குச் சேர்வது கணக்கில் எடுக்கும்படியாக இல்லை. நோயால் கருவிழி மேல் படரும் குழாய்களுக்கு ஸ்டீராய்டு சொட்டு உதவும். பின்புறத்துக்கு உதவாது.

ஆகவே ஊசி. வெளியே சொன்னால் பலருக்கும் குலை நடுங்கும். நடப்பது சில நிமிட வேலை. மரத்துப்போகும் சொட்டு, பிறகு பழுப்பு நிற போவிடோன் அயோடின், இமைகளை விலக்கி நிறுத்தும் ஒரு கம்பிக் கவ்வி. கருவிழி ஓரத்திலிருந்து 3.5 முதல் 4 மில்லிமீட்டர் தூரத்தை அளந்து குறிக்கிறார்கள். லென்ஸிலும் படாமல் விழித்திரையிலும் படாமல் நுழையக்கூடிய இடம் அந்தக் குறுகிய வளையம்தான். முடியளவு மெல்லிய ஊசி, 0.05 மில்லிலிட்டர் திரவம். மருந்து, கண்ணின் உட்புறத்தை நிரப்பும் விட்ரியஸ் கூழில் இறங்கும்போது சுருள் சுருளாய் ஏதோ மிதப்பதை நோயாளியே பார்ப்பதுண்டு. உடனே மருத்துவர் விரல்களைக் காட்டி எத்தனை என்று கேட்கிறார். விடை சரியாக வந்தால் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் நின்றுவிடவில்லை என்று பொருள்.

வி.இ.ஜி.எஃப்.-ஐ முடக்கும் ஊசி மருந்துகளில் முதலில் வந்த பெகாப்டனிப் 2004-இல் அமெரிக்க அனுமதி பெற்றது. பார்வை இழப்பை மெதுவாக்கியதே அதன் சாதனை. 2006-இல் வந்த ரானிபிசுமாப் நோயாளிகளில் சுமார் மூன்றில் ஒருவருக்குப் பார்வைப் பலகையில் 15 எழுத்துகளோ அதற்கு மேலோ திருப்பித் தந்தது. இதற்கிடையே, 2005-இல், மியாமியில் பிலிப் ரோசன்ஃபெல்ட் பெருங்குடல் புற்றுநோய்க்கான பெவசிசுமாபைக் கண்ணுக்குள் செலுத்திப் பார்த்தார். 4 மில்லிலிட்டர் குப்பியில் 100 மில்லிகிராம் மருந்து. ஒரு கண்ணுக்கு வேண்டியது 1.25 மில்லிகிராம். கணக்குப் போடத் தெரிந்தவர்களுக்கு இதன் பொருள் உடனே புரிந்தது. ரானிபிசுமாபும் பெவசிசுமாபும் ஏறத்தாழச் சமம் என்று 2011-இல் கேட் என்ற ஒப்பீட்டு ஆய்வு காட்டியது. விலையில்தான் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. குப்பியைப் பிரித்து நிரப்பும்போது கிருமி புகும் அபாயம் உண்டு என்பதும் உண்மை. 2016 தொடக்கத்தில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கண்ணில் இதைப் பயன்படுத்துவதற்கு எதிராக எச்சரித்து, அதே ஆண்டில் அந்த எச்சரிக்கையை விலக்கிக்கொண்டது. ஏழை நோயாளிக்கு இந்த மருந்தே சிகிச்சைக்கும் குருட்டுத்தன்மைக்கும் நடுவில் நிற்பது என்பதால், தடையைவிடத் தூய்மையாகப் பிரிக்கும் முறையே சரியான தீர்வு.

கண்ணுக்குள் போட்டது கண்ணுக்குள்ளேயே இருப்பதுமில்லை. முழு எதிர்ப்புப் புரதமான பெவசிசுமாப் ரத்தத்துக்குக் கசிந்தால் வாரக்கணக்கில் சுற்றும்; துண்டுப் புரதமான ரானிபிசுமாப் சில மணி நேரத்தில் வெளியேறும். பெரியவர்களிடம் இது பெரிய கவலை இல்லை. ஒன்றரைக் கிலோவுக்கும் குறைந்த குறைமாதக் குழந்தையிடம், மற்ற உறுப்புகளிலும் குழாய்கள் வளர்ந்துகொண்டிருக்கும் வேளையில், இது கவலைக்குரிய விஷயம்தான்.

இவ்வகை மருந்துகள் விட்ரியஸில் ஏறக்குறைய ஒன்பது நாளுக்கு ஒருமுறை பாதியாகின்றன. மாத முடிவில் மிஞ்சுவது பத்தில் ஒரு பங்கு. அளவை இரண்டு மடங்காக்கினால் கிடைக்கும் கூடுதல் காலம் கணக்குப்படி இன்னொரு ஒன்பது நாள் மட்டுமே. 2023-இல் அனுமதி பெற்ற 8 மில்லிகிராம் அஃப்லிபெர்செப்ட், முந்தைய 2 மில்லிகிராமின் நான்கு மடங்கு; வெறும் அளவைக் கூட்டும் வழி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இது நல்ல எல்லைக்கல். ரானிபிசுமாபின் முன்னோடிச் சோதனைகளில் மாதந்தோறும் ஊசி பெற்றவர்களை ஏழாண்டு கழித்துப் பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோரின் பார்வை 20/200 அல்லது அதற்கும் கீழே போயிருந்தது. சோதனை முடிந்தபின் அவர்களுக்குக் கிடைத்த ஊசிகள் சொற்பம். மாதாமாதம் துணைக்கு ஆள் தேடி, பஸ் ஏறி, ஒரு நாள் கூலியை விட்டு வருவது எந்த நாட்டிலும் நீடிப்பதில்லை.

அதனால் சேமிப்பிடம் தேடும் முயற்சி. மட்கும் பாலிமருக்குள் 0.7 மில்லிகிராம் டெக்சாமெதசோனை அடைத்த குச்சி 2009-இல் வந்தது. மாதக்கணக்கில் கசிந்து விழித்திரை வீக்கத்தைக் குறைக்கிறது. விலையாகக் கண் அழுத்தமும் புரையும் வருகின்றன. அதே பாலிமரில் புரத மருந்தை அடைப்பது கடினம்: பாலிமர் மட்கும்போது உண்டாகும் அமிலமும் உடல் வெப்பமும் புரதத்தின் மடிப்பைக் குலைத்துவிடும். வேறு வழியாக, அரிசி மணி அளவுள்ள தொட்டி ஒன்றைக் கண் சுவரில் பொருத்தி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிரப்பும் முறை 2021 அக்டோபரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தொட்டியின் மூடி விலகியதால் 2022-இல் திரும்பப் பெறப்பட்டு, திருத்தி 2024-இல் மீண்டும் வந்தது. கண்ணுக்குள் சீழ்பிடிக்கும் ஆபத்து மாத ஊசியைவிட மும்மடங்கு என்ற எச்சரிக்கை அதோடு சேர்ந்தே இருக்கிறது. வெண்படலத்துக்கும் கோராய்டுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர் நீள நுண்ணூசியால் மருந்தைப் பரப்பும் வழியும் திறந்திருக்கிறது. ஆனால் கரைந்த மருந்தைக் கோராய்டின் வேகமான ரத்த ஓட்டம் அடித்துக்கொண்டு போய்விடும், கரையாத துகள்களே அங்கே தங்கும்.

எஞ்சியது மரபணு வழி. தீங்கற்ற வைரஸ் ஒன்றின் மூலம் மருந்தின் குறியீட்டைக் கண் செல்லுக்குள் வைத்தால், கருவிழி செய்வதையே விழித்திரையும் செய்யத் தொடங்கும். மனிதச் சோதனைகள் நடந்துவருகின்றன. சுரக்கத் தொடங்கிய செல்லை நிறுத்தும் விசை மட்டும் இன்னும் சிகிச்சைப் பயன்பாட்டுக்கு வரவில்லை: 2021-இல் இத்தகைய ஒரு சோதனையில், உயர் அளவு பெற்ற சர்க்கரை நோயாளியின் கண்ணில் அழுத்தம் விழுந்து பார்வை போனது. மருந்தை எடுத்துவிட வழியிருக்கவில்லை.